ஆம்பூர் டு கண்டி: குட்டீஸுக்கு இலங்கையைச் சொல்லித்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வளர்ற பிள்ளைகளுக்கு இத்தாலி, ஜெர்மனி எல்லாம் தெரியும். அம்மாவோ அத்தையோ ஷூ கம்பெனியில தைக்கிற ஜோடி அங்கேதானே போகுது! ஆனா பக்கத்துல இருக்கற இலங்கையைப் பத்திக் கேளுங்க. 'கொழும்பு, கிரிக்கெட்'னு ரெண்டு வார்த்தையோட முடிஞ்சுடும்.

அக்கா பையனோ தம்பியோ வீட்ல இருந்தா, இந்த ஞாயிறு வேலூர் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. உள்ளே கண்டி மஹால்னு ஒண்ணு இருக்கு. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை 1815-ல பிரிட்டிஷ்காரங்க பிடிச்சாங்க. அடுத்த வருஷம் கப்பல்ல மெட்ராஸுக்குக் கொண்டுவந்து, குடும்பத்தோட இந்தக் கோட்டையில அடைச்சாங்க. 16 வருஷம் கழிச்சு, 1832-ல இங்கேயே இறந்துபோனார். கோட்டை மியூசியத்துல அவர் பயன்படுத்தியதாச் சொல்ற தந்தச் சதுரங்கப் பலகை இருக்கு. பிள்ளைங்க அதை விட்டு நகராதுங்க.

அடுத்து போனை எடுத்து மேப்பைத் திறங்க. போர்ச்சுகீசியர் 1505-லயே இலங்கைக்கு வந்துட்டாங்க. அவங்களுக்கு அப்புறம் டச்சுக்காரங்க. கடற்கரையெல்லாம் பிடிச்ச இவங்களால கண்டியை மட்டும் ஏன் பிடிச்சு வச்சுக்க முடியலை? பதிலை நீங்க சொல்லாதீங்க. சாட்டிலைட் வியூல மலையையும் காட்டையும், ஊரைச் சுத்தி வளையுற மகாவலி ஆத்தையும் அவங்களே பார்க்கட்டும். புவியியல் பாடம் அங்கேயே முடிஞ்சுது.

இன்னொரு ஆச்சரியம், அந்த அரசர் நம்ம பக்கத்து நாயக்கர் வம்சம். 1739-ல இருந்து கண்டியை ஆண்ட நாலு பேரும் அப்படித்தான். ஆனா புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையைக் காத்தவங்களும் அவங்களே. அந்தப் பெரஹரா ஊர்வலத்துல பத்தினி தெய்வத்துக்கும் இடம் உண்டு. 'அது யார் தெரியுமா? நம்ம கண்ணகி!'ன்னு சொல்லிப் பாருங்க, கண்ணு விரியும். அரசரோட சிம்மாசனம் இங்கிலாந்து போய், 1934-லதான் இலங்கைக்குத் திரும்புச்சு. அவரோட சிங்கக் கொடிதான் இன்னைக்கு இலங்கைத் தேசியக் கொடியில இருக்கற சிங்கத்துக்கு மூலம்.

சாயங்காலம் பாலாற்றங்கரை முத்துமண்டபம். அரசரின் சமாதி அங்கேதான். 'ஆறுன்னு சொன்னீங்க, தண்ணி எங்கே?'ன்னு குட்டி கேட்கும். மணல் கொள்ளையையும் தோல் கழிவையும் மறைக்காமச் சொல்லுங்க. அதுவும் நம்ம ஊர் வரலாறுதான்.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்கறீங்களா? வேலூர் மேல்மொணவூர்ல இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. 2021 நவம்பர்ல, முகாம்களுக்குப் புது வீடுகள் கட்டற திட்டத்தை முதல்வர் தொடங்கிவச்சது அங்கேதான். உங்க வீட்டுக் குட்டியோட வகுப்புலயே முகாம் பிள்ளை ஒண்ணு இருக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தும், 'நீ எந்த நாடு?'ங்கற கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிள்ளையா இருக்கும். அந்தக் கேள்வி வேண்டாம். 'உங்க வீட்ல சொதி எப்படி வைப்பாங்க?'ன்னு கேட்கச் சொல்லுங்க. மறுநாள் டிபன் பாக்ஸ் மாறும்.