புனையா ஓவியமும் உலர்ஊசி அச்சும்

1. முன்னுரை

பண்டைத் தமிழ் நூல்களில் ஓவியம் குறித்து வரும் செய்திகளுள் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர் ஆராய்தற்குரியது. நெடுநல்வாடையில், பாசறைக்கண் இருக்கும் தலைவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்து, மங்கிய உடையுடன் கட்டிலில் இருக்கும் அரசிக்கு இஃது உவமையாக வந்துள்ளது. மணிமேகலையில், ஆதிரையின் மனையகம் புகுந்து பாத்திரம் ஏந்தி நிற்கும் மணிமேகலைக்கும் இதுவே உவமை. வண்ணங்கொண்டு எழுதாது கோட்டினால் வடிவை மட்டும் காட்டும் சித்திரம் என்பது நச்சினார்க்கினியர் உரையாற் பெறப்படும் பொருள்.

பொருள் விளங்கினும் வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. இன்னும் வண்ணம் பெறாத, முற்றுப்பெறாத ஓவியம் என்னும் குறைப்பொருளில் புலவர் இதனை ஆண்டனரா? அன்றி, வண்ணம் வேண்டாது தானே நிறைந்து நிற்கும் ஓவியம் என்னும் நிறைப்பொருளில் ஆண்டனரா? இவ்வினாவிற்கு விடை காணக் கோட்டோவியக் கலையின் செய்முறையை அறிதல் துணைபுரியும். அந்நோக்கில், ஐரோப்பியப் பரோக் ஓவியங்களை முன்மாதிரியாகக் கொண்டு ஆடையற்ற பெண்ணுருவை உலர்ஊசி அச்சாக ஆக்கும் முறை ஈண்டு விளக்கப்பெறுகின்றது. பழந்தமிழர் இவ்வச்சுக் கலையை அறிந்திருந்தனர் என நிறுவுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. அதற்குச் சான்று இல்லை.

2. உலர்ஊசி அச்சு

ஆங்கிலத்தில் ‘டிரைபாயிண்ட்’ எனப்படுவதனையே ஈண்டு உலர்ஊசி அச்சு என்கின்றோம். செப்புத்தகட்டில் கோடு ஆக்கும் முறைகள் மூன்று. உளியால் உலோகத்தை அகழ்ந்தெடுப்பது ஒன்று. தகட்டின் மேல் மெழுகுப்பூச்சு இட்டு, அதனைக் கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்வது மற்றொன்று. மூன்றாவதாகிய உலர்ஊசி முறையில் அமிலமும் இல்லை, பூச்சும் இல்லை. கூரிய ஊசியால் வெறுந்தகட்டை நேரே கீறுதலே முறை. ஈரமாகிய அமிலம் வேண்டாமையின் ‘உலர்’ என்னும் அடை பொருந்துகின்றது.

இம்முறை 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமானிய நிலப்பகுதியில் தோன்றியது. தியூரர் 1512-இல் இதனைக் கையாண்டார். ஆயினும் இதன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்தியவர் ஒல்லாந்து நாட்டு ரெம்பிராண்ட் (1606–1669). இந்தியாவில் இதற்கு முன்னோடி முகுல் சந்திர தே (1895–1989) ஆவார். இவர் 1916-இல் தாகூருடன் அமெரிக்கா சென்று செதுக்கச்சுக் கலை பயின்றார். பின்னர் இலண்டனில் மியூர்கெட் போன் என்பாரிடம் உலர்ஊசி நுட்பம் கற்றார். 1928-இல் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியின் முதல்வரானார்.

3. செய்முறை

முதற்கண் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத்தகடு ஒன்றைக் கொண்டு, அதன் விளிம்புகளை அரத்தால் சாய்வாக அராவுதல் வேண்டும். இல்லையேல் கூர்விளிம்பு தாளையும் கம்பளியையும் கிழித்துவிடும். பின்னர்த் தகட்டை மெருகிட்டு எண்ணெய்ப்பசை நீக்குவர். அச்சில் உரு இடவல மாற்றம் பெறுமாதலின், மூல வரைவைக் கண்ணாடியிற் கண்டவாறு திருப்பி எழுதுவர்.

அடுத்தது கீறல். எஃகு ஊசியையோ வைரமுனையையோ எழுதுகோல் போலப் பிடித்து அழுத்திக் கீறுவர். உழுபடை செல்லுங்கால் சாலின் இருமருங்கும் மண் எழுவது போல, ஊசி செல்லும் வழியின் ஓரத்தே செம்பு மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். இதனைப் ‘பிசிறு’ என்போம். ஊசியை நிமிர்த்திப் பிடிப்பின் பிசிறு இருபுறமும் சிறிதாக எழும். சாய்த்துப் பிடிப்பின் ஒருபுறம் பெரிதாக எழும். உலர்ஊசி அச்சின் உயிர்நிலை இப்பிசிறே. கோட்டின் பள்ளத்தில் தங்கும் மை சிறிது. பிசிறின் அடியில் ஒதுங்கும் மை மிகுதி. அம்மை தாளிற் படியுங்கால், கோடு கூர்மை நீங்கி, மென்பட்டின் நிழல் போலப் பரந்து தோன்றும். பிசிறு வேண்டாத இடத்துச் சுரண்டியால் நீக்குவர். பிழைபட்ட கோட்டை மெருகுக்கோலால் தேய்த்து அடக்குவர்.

பின்னர்த் தகடு முழுதும் கெட்டியான எண்ணெய் மையைப் பூசி, கஞ்சியிட்ட வலைத்துணியால் மெல்லத் துடைப்பர். இறுதியில் உள்ளங்கையால் தடவி எடுப்பர். வன்மையாகத் துடைப்பின் பிசிறு ஒடியும். துடையாது விடும் மெல்லிய மைப்படலம் மாலை இருள் போன்ற சாயலைத் தரும்.

தாள் பருத்தி இழையால் ஆயதாக இருத்தல் நன்று. அதனை நீரில் நனைத்து, மிகுநீரை ஒற்றி எடுத்து, தகட்டின் மேல் விரித்து, கம்பளி விரிப்புகளால் மூடி, இரண்டு எஃகு உருளைகளுக்கிடையே செலுத்துவர். கரும்பாலையின் உருளைகளைக் கண்டு பழகிய கொங்கு நாட்டார்க்கு இப்பொறியின் அமைப்பு எளிதில் விளங்கும். அழுத்தத்தால் ஈரத்தாள் கோட்டின் பள்ளத்துட் புகுந்து மையைக் கவர்ந்து வரும்.

ஒவ்வொரு முறையும் உருளை பிசிறைச் சிறிது நசுக்குகின்றது. எனவே, செப்புத்தகட்டினின்று நல்ல படிகள் பத்து அல்லது இருபதே கிடைக்கும். பின்வரும் படிகளில் கோடு இருக்கும்; நிழல் இராது. 19-ஆம் நூற்றாண்டில் மின்னாற்றலால் தகட்டிற்கு இரும்புப் பூச்சு இடும் முறை வந்தபின் படிகளின் தொகை பெருகியது. ஆயினும் முதற்படிகளின் மென்மையையே கலைஞர் பெரிதும் போற்றுவர்.

4. ஓலையும் செம்பும்

ஏட்டுச் சுவடிகளைக் கையாளும் தமிழ் மாணவர்க்கு இச்செய்முறை முற்றிலும் புதிதன்று. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறுகின்றோம், விளக்குக்கரியோடு எண்ணெயோ பச்சிலைச் சாறோ குழைத்துத் தடவுகின்றோம், மேற்பரப்பைத் துடைக்கின்றோம். கீறிய இடத்தில் மை தங்க, எழுத்து விளங்குகின்றது. கீறல், மையிடல், துடைத்தல் என்னும் மூன்றும் ஓலைக்கும் செம்பிற்கும் பொது.

வேறுபாடு நான்காம் நிலையில் உள்ளது. ஓலையில் மை தங்கிப் படிக்கப்படுகின்றது. செம்பில் மை தாளிற்கு இடம்பெயர்கின்றது. கொங்கு நாட்டில் செப்பேடுகள் பல பொறிக்கப்பெற்றன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், 1980-களில் தொடங்கிய அகழாய்வுகளில், தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறிய பானையோடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கடும்பரப்பிற் கீறி எழுதும் பழக்கம் இந்நிலத்தில் தொன்மையானது என்பது இவற்றால் தெளிவு. எனினும் செப்பேட்டில் மையிட்டுத் தாளில் எடுக்கும் கருத்து இங்கு எழவில்லை. செப்பேடு நிலைத்து நின்று உரிமையைக் காப்பதற்கு எழுதப்பட்டது. படி பெருக்குதல் அதன் பயன் அன்று.

5. பரோக் ஓவியமும் பெண்ணுருவும்

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிறந்து விளங்கிய ஓவியநெறி பரோக் எனப்படும். இருளின் நடுவே ஒருபுறமிருந்து பாயும் ஒளி, குறுக்காகச் சாயும் உடலமைப்பு, நிகழ்ச்சியின் உச்சக் கணம் ஆகியன இதன் இயல்புகள். கரவாச்சியோ (1571–1610) ஒளியும் இருளும் மோதும் முறையை வகுத்தார். ரூபென்சு (1577–1640) உடலின் செழுமையை வண்ணத்தால் காட்டினார். பெண்பால் ஓவியராகிய ஆர்த்தெமீசியா செந்தில்லெசுக்கி 1610-இல் வரைந்த ‘சூசன்னாவும் முதியோரும்’ என்னும் ஓவியம் தனியே கருதத்தக்கது. நீராடும் பெண்ணை மறைந்து நோக்கும் முதியோர் கதை பலராலும் வரையப்பெற்றதே. அவருள் பலர் அவளது அழகைக் காட்ட, இவரோ அவளது அருவருப்பையும் அச்சத்தையும் உடலின் முறுக்கத்தாலேயே காட்டினார். நோக்கப்படும் பெண்ணின் உள்ளமே ஓவியப்பொருளாயிற்று.

இவ்வகை வண்ண ஓவியத்தை உலர்ஊசியில் பெயர்த்தெழுதும் கலைஞர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு யாது? வண்ண ஓவியத்தில் ஒளியைத் தூரிகையால் தீட்டலாம். உலர்ஊசியிலோ ஒளியை எழுத இயலாது. இருளை மட்டுமே எழுதலாம். ஊசி தொடாத செம்பே தாளில் வெண்மையாக நிற்கின்றது. ஆதலின், ஒளிபடும் தோளையும் முதுகையும் காட்ட விழைவோர், அவற்றைச் சூழ்ந்த இருளைக் குறுக்குக்கோடுகளால் அடர்த்தியாகக் கீறி, உடலைத் தொடாது விடுதல் வேண்டும். உடல் வரையப்படுவதன்று, விடப்படுவது. புனையாமையே ஈண்டு வரைதலாகின்றது.

6. ரெம்பிராண்டின் 1658-ஆம் ஆண்டுப் படைப்புகள்

ரெம்பிராண்ட் 1631-ஐ ஒட்டிய காலத்தில் ஆடையற்ற பெண்ணுருவை அச்சில் ஆக்கினார். வயிற்றின் மடிப்பும் தசையின் தளர்ச்சியும் அதில் ஒளிக்கப்படவில்லை. ஆந்திரீசு பெல்சு என்னும் புலவர் 1681-இல், இவ்வோவியர் பெண் தெய்வத்திற்கு மாறாக வண்ணாத்தியையே முன்மாதிரியாகக் கொண்டார் என்றும், காலுறை கட்டிய தழும்பையும் விடாது வரைந்தார் என்றும் குறைகூறினார். பழிப்பாகக் கூறிய அதுவே பிற்காலத்தாரால் பெருமையாகக் கொள்ளப்பட்டது.

1654-இல் வரைந்து, இன்று பாரிசு உலூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘பாத்சேபா’ வண்ண ஓவியத்தில், அரசன் விடுத்த ஓலையைக் கையிற் கொண்ட பெண் ஆடையின்றி அமர்ந்து தன்னுள் ஆழ்ந்திருக்கின்றாள். பொருள்முட்டால் 1656-இல் நொடித்துப்போன ரெம்பிராண்ட், 1658-இல் பெண்ணுருவ அச்சுகள் சிலவற்றை ஆக்கினார். அவற்றுள் அமில அரிப்பு, உளி, உலர்ஊசி ஆகிய மூன்றும் கலந்துள்ளன. ஒன்றில், பெண்ணொருத்தி அரையுடையுடன் கணப்படுப்பின் அருகே அமர்ந்திருக்கின்றாள். மற்றொன்று ஏறத்தாழ 8 செ.மீ. உயரமும் 16 செ.மீ. நீளமும் உடையது, புறங்காட்டிப் படுத்திருக்கும் பெண்ணுடல் நெருங்கிய கோடுகளால் நிழலில் ஆழ்ந்துள்ளது. கதை இல்லை, அணி இல்லை, தெய்வப்பெயரும் இல்லை. உள்ளது களைப்பும் ஓய்வும் தனிமையுமே.

அவ்வாண்டிலேயே ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர் என்பதும் நினைவுகூரத்தக்கது. அவர்தம் கப்பல்கள் கொணர்ந்த சப்பானியத் தாளில் ரெம்பிராண்ட் தம் பிற்கால அச்சுகள் பலவற்றை எடுத்தார். பிசிறின் மையை அத்தாள் மென்மையாக ஏற்றது. முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் வரைந்த படிகள் இருபதுக்கும் மேற்பட்டன இன்றும் உள்ளன.

கணப்படுப்பருகே அமர்ந்த பெண்ணின் அச்சு ஏழு நிலைகளில் கிடைக்கின்றது. சிலவற்றில் அவள் தலையில் வெண்துகில் தொப்பி உண்டு; பின்னது ஒன்றில் அது நீக்கப்பட்டுள்ளது. இந்நிலைகளைப் பாடவேறுபாடுகளோடு ஒப்பிடலாம். ஆயினும் ஏட்டில் வரும் வேறுபாடு பெரும்பாலும் படியெடுப்போரால் நேர்வது. இங்கு ஆசிரியரே தம் கையால் திருத்தியது. ஆகவே, ‘எது மூலம்?’ என்னும் வினா இங்குப் பொருந்துவதன்று; ஏழும் மூலமே. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை, முதலும் இறுதியும் கிடைக்காத நிலையில், உ.வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்த உழைப்பை அறிந்தோர்க்கு இவ்வேறுபாட்டின் அருமை புலனாகும்.

7. தமிழ் மரபில் பெண்ணுடலும் கோடும்

பெண்ணுடலைக் கலைப்பொருளாகக் கொள்ளுதல் தமிழ் மரபிற்கு அயலானதன்று. பாதாதிகேசம், கேசாதிபாதம் என உறுப்புகளை வரிசைப்படுத்தி உவமையால் புனைதல் நம் இலக்கிய நெறி. உடலே எழுதுபரப்பாதலும் உண்டு. கலித்தொகை முதலியவற்றில் பேசப்படும் தொய்யில், மகளிர் மார்பிலும் தோளிலும் குழம்பினால் எழுதப்படும் கோலமாகும். கொங்கு நாட்டுக் காப்பியமாகிய பெருங்கதையில் ‘முக எழுத்துக் காதை’ என ஒரு பகுதியே உண்டு. உதயணன் மானனீகையின் நெற்றியில் யவன எழுத்தால் தன் உள்ளக்கருத்தை எழுதிய செய்தி அங்கு வருகின்றது. பாத்சேபா பிறர் விடுத்த ஓலையைக் கையில் ஏந்துகின்றாள்; மானனீகை அதனைத் தன் முகத்திலேயே ஏந்துகின்றாள்.

சிற்பத்தைக் கருதின், பேரூர்ப் பட்டீசுவரர் கோயிற் கனகசபைத் தூண்கள் முதற்கண் நினைவிற்கு வரும். நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், அஃதாவது பரோக் காலத்திலேயே எழுந்தவை அவை. ஆழ்ந்து குடைந்த கல்லில் நிழல் தங்க, ஆலங்காட்டுக் காளியின் உறுப்புகள் இருளினின்று வெளிப்பட்டு நிற்கின்றன. இரு நாட்டுக் கலைகளுக்கும் தொடர்பு காட்டுதற்கில்லை. எனினும் நிழலால் உடலைக் காணப் பயிலும் கோவை மாணவர்க்கு, அயல்நாட்டு ஓவியப்படிகளினும் பேரூர்த் தூண்களே அணித்தான பள்ளி எனலாம்.

இவை யாவும் புனைந்த உருக்கள். கல்லிலும் சொல்லிலும் அணி மிகுதி. நெடுநல்வாடை ஆசிரியரோ அணி அனைத்தையும் களைந்த நிலையிலேயே அரசியைக் காண்கின்றார். அவள் ஆடையற்றவள் அல்லள். எனவே புனையாமையும் ஆடையின்மையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாம். ஆயினும் இரண்டிற்கும் கலைநோக்கம் ஒன்று. அணியை நோக்கும் கண், அணி நீங்கியவிடத்து ஆளை நோக்குகின்றது. அரசியின் துயரமும் கணப்படுப்பருகே அமர்ந்தவளின் களைப்பும் புனைந்திருப்பின் மறைந்திருக்கும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படும். உலர்ஊசி அச்சில் வண்ணமின்மை ஒரு குறையன்று. தொடாது விட்ட இடமே ஒளியாகி உருவை நிறைவிக்கின்றது. ரெம்பிராண்ட் பெண்ணுருவைப் புனையாது விட்டமையால், அவ்வுரு காட்சிப்பொருள் என்னும் நிலை நீங்கி மாந்தராயிற்று. இவ்வொளியில் நோக்கின், அணி களைந்த அரசிக்கும், அழகை மறுத்துத் துறவு பூண்ட மணிமேகலைக்கும் ஒரே உவமை அமைந்தது தற்செயலன்று என்பது புலனாகும். இருவரிடத்தும் புலவர் காட்ட விழைந்தது குறையை அன்று. அணியின்மையால் தெளிவுறும் உள்ளத்தையே. ஆகவே ‘புனையா ஓவியம்’ என்பதனை நிறைப்பொருளிற் கொள்ளுதலே ஏற்புடைத்து.

அயல்நாட்டுக் கலையின் செய்முறை தமிழ்த் தொடருக்குச் சான்றாகாது, விளக்கமாகலாம். இலக்கிய மாணவர் எழுத்தாணி பிடித்து ஓலையில் ஒரு வரியேனும் கீறிப் பார்த்தல் வேண்டும். வாய்ப்புளதேல் செம்பிலும் ஒரு கோடு கீறிப் படியெடுத்துக் காணல் வேண்டும். உரையாசிரியர் ஒரு சொல்லில் அடக்கிக் கூறியது அப்போது கைக்கும் கண்ணுக்கும் விளங்கும்.