பல்லி ஏன் ‘ஆன் தி சீலிங்’?

பஸ்ஸில் இருக்கிறேன், காரில் இருக்கிறேன், பஸ் ஸ்டாப்பில் இருக்கிறேன். தமிழில் மூன்றுக்கும் ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரெபொசிஷன்: ஆன் தி பஸ், இன் தி கார், அட் தி பஸ் ஸ்டாப். ‘இல்’ வந்தாலே ‘இன்’ போடும் பழக்கத்தால்தான் நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள்.

ஆங்கிலம் இடத்தின் வடிவத்தையும் கேட்கும். சூழ்ந்த இடம் என்றால் ‘இன்’. நீள அகலம் பாராமல் ஒரு புள்ளியாக நினைத்தால் ‘அட்’. ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ‘ஆன்’.

‘ஆன்’ என்றால் ‘மேலே’ என்று சொல்லிக்கொடுப்பது பாதிதான் சரி. கூரையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைப் பாருங்கள். தலைகீழாக, கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் ‘ஆன் தி சீலிங்’தான். சுவரில் மாட்டிய காலண்டருக்கும் விரலில் போட்ட மோதிரத்துக்கும் ‘ஆன்’தான். தொடுகிறதா என்பதே கேள்வி. மேசைக்கு நேர் மேலே தொங்கும் விளக்கு மேசையைத் தொடவில்லை. அதற்கு ‘ஓவர்’ அல்லது ‘அபவ்’.

பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாவற்றிலும் எழுந்து நடக்கத் தளம் உண்டு. அதனால் ‘ஆன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. காருக்குள் குனிந்து நுழைகிறோம், அங்கே ‘இன்’. சைக்கிளுக்கும் குதிரைக்கும் மேலே உட்காருவதால் ‘ஆன்’. ஏறி இறங்குவதும் இதன்படியே: பஸ்ஸுக்கு கெட் ஆன், கெட் ஆஃப்; காருக்கு கெட் இன், கெட் அவுட்.

அசைவு வந்தால் ‘டு’ போகும் இடத்தைக் காட்டும். ‘இன்டு’ உள்ளே நுழைவதை. கோயிலுக்கு நடந்தாள் என்றால் ‘வாக்ட் டு’. வாசல் தாண்டி உள்ளே போனாள் என்றால் ‘வாக்ட் இன்டு’. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தம்பியிடம் பந்தை ‘த்ரோ டு’ செய்தால் அவன் பிடிக்க வேண்டும் என்று பொருள். ‘த்ரோ அட்’ என்றால் அவன்மேல் படும்படி எறிந்தோம் என்றாகிவிடும். ஷவுட் என்ற வினையிலும் இதே வேறுபாடு: ‘டு’ போட்டால் கேட்கட்டும் என்று கூப்பிடுவது, ‘அட்’ போட்டால் கோபத்தில் கத்துவது. அலுவலக மின்னஞ்சலில் இது மாறினால் வீண் மனத்தாங்கல்தான்.

‘அரைவ்’ என்ற வினையோடு மட்டும் ‘டு’ சேர்க்காதீர்கள். மதுரைக்கு வந்து சேர்ந்தால் ‘அரைவ் இன்’, ரயில் நிலையத்துக்கு என்றால் ‘அரைவ் அட்’. வீட்டுக்குப் போக எதுவுமே வேண்டாம்: கோ ஹோம்.