மடிப்புக் கதவு அடம் பிடித்தால்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அதிகாலை. ஒளுச் செய்யச் சென்ற என் உம்மா, குளியலறையிலிருந்து வெளியே வர இயலாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதைக் கடந்தவர்கள். பிளாஸ்டிக் மடிப்புக் கதவு ஒரு சாண் அளவு திறந்து அப்படியே சிக்கி நின்றது. நான் வெளியிலிருந்து பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகியது. "இழுக்காதே வாப்பா, மேலே பாரு" என்று அவர்களே உள்ளிருந்து சொன்ன பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். மேல் சேனலுக்குள் ரோலர் ஒன்று சரிந்து கிடந்தது. கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்ததும் அது வழிக்கு வந்துவிட்டது.

இத்தகைய கதவின் முழு எடையும் மேலேதான் தொங்குகிறது. எனவே கோளாறும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கைப்பிடியில் சிறுவர்கள் தொங்குவதும், ஈரத் துணிகளைக் கதவின் மேல் போடுவதும் ரோலரைச் சரியச் செய்கின்றன. சேனலில் தூசியும் ஒட்டடையும் படிந்தால் ஓட்டம் கெடும். பழைய பல்துலக்கியில் உலர்ந்த துணியைச் சுற்றித் துடைத்தாலே பாதிக் குறை தீரும். கிறீச்சிடும் எதற்கும் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளின் வழக்கம். இங்கே அது வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மெழுகுவர்த்தித் துண்டால் சேனலின் உட்புறத்தைத் தேய்ப்பது மேல்.

ரோலர் உடைந்திருந்தால் சேனலின் ஒரு முனையைத் திறந்து கதவை உருவி எடுங்கள். பழைய ரோலரையே மாதிரியாகக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். கதவுக்குக் கதவு அளவு வேறுபடும்.

கதவு தரையில் உரசினால் உடனே அடியை அறுத்துவிடாதீர்கள். சேனலைப் பிடித்திருக்கும் திருகாணிகள் சுவரில் தளர்ந்து, சேனலே தாழ்ந்திருக்கக்கூடும். அதே திருகாணியை மீண்டும் முறுக்குவதாலோ, ஓட்டையில் தீக்குச்சியைச் செருகுவதாலோ சில நாள் தாங்கும், அவ்வளவே. ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கி, அதற்கேற்ற பிளாஸ்டிக் பிளக்கை அடித்து, துருப்பிடிக்காத திருகாணியால் முறுக்க வேண்டும். புதிய தரை ஓடு பதித்ததால் தரை உயர்ந்திருந்தால் மட்டும் அடியை அறுக்கலாம்.

வெயில் படும் கதவில் பட்டைகளை இணைக்கும் மென்பகுதி காய்ந்து வெடிக்கும். ஒட்டுநாடா ஒட்டுவது தற்காலிகமே. ஒரு பட்டை என்றால் மாற்றலாம். பல வெடித்துவிட்டால் புதுக் கதவு வாங்குவதே சிக்கனம்.

மர மடிப்புக் கதவின் நோய் வேறு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்பி இறுகும். அப்போதே இழைப்புளி போட்டால் கோடையில் இடைவெளி விழும். மரம் காய்ந்த பின் இழைத்து, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் மறவாமல் வர்ணம் பூசச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அவ்விடங்களைத் தச்சர்கள் விட்டுவிடுவதுண்டு. ஈரம் ஏறுவது அங்கேதான்.

எங்கள் வீட்டில், 'இந்தக் கதவே வேண்டாம்' என்றார்கள். நான் இணங்கவில்லை. உட்புறம் திறக்கும் கதவென்றால், உள்ளே ஒருவர் மயங்கி விழும்போது அவர் உடலே கதவைத் தடுத்துவிடும். மடிப்புக் கதவில் அந்த ஆபத்துக் குறைவு. ரோலரை மாற்றி, உள்தாழ்ப்பாளை மட்டும் கழற்றிவிட்டோம். இப்போது உம்மா தம் தஸ்பீஹ் மணியை வெளிச்சுவரின் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே செல்கிறார்கள். மணி தொங்கினால் பேரப்பிள்ளைகள் கதவருகே போவதில்லை.