பால்மரமும் ராக் கச்சேரியும்

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் உருமி மேளம் முழங்கும்போது கைப்பேசியில் பதிவு செய்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் கரகரவென்று ஒரே இரைச்சல்! கைப்பேசியைத் திட்டாதீர்கள். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கியும் அதன் மின்சுற்றும் ஓர் அளவுவரைதான் அந்த அதிர்வைத் தாங்கும். மீறினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட அலைதான் காதில் கரகரக்கிறது.

அப்படியென்றால் காதைப் பிளக்கும் ராக் கச்சேரியை மட்டும் எப்படி இசைத்தட்டாக்கினார்கள்?

டீப் பர்ப்பிள் என்று ஓர் ஆங்கிலேய ஹார்ட் ராக் குழு. 1972இல் லண்டன் ரெயின்போ அரங்கில் இவர்கள் எழுப்பிய சத்தம் 117 டெசிபல். உலகிலேயே அதிகச் சத்தம் போடும் குழு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும், 17ஆம் தேதி தோக்கியோ புடோகான் அரங்கிலும் வாசித்தார்கள். மூன்று நாள் கச்சேரியையும் மார்ட்டின் பர்ச் என்ற ஒலிப்பொறியாளர் பதிவு செய்தார். அதிலிருந்து ஏழு பாடல்களைத் தேர்ந்தெடுத்து, டிசம்பரில் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற இரட்டை இசைத்தட்டாக பிரிட்டனில் வெளியிட்டார்கள்.

பர்ச்சிடம் இருந்தது எட்டுத் தடப் பதிவுக் கருவி. ஒரே நாடாவில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் தடங்களைப் போல, எட்டு ஒலிகள் அருகருகே ஓடும். கித்தாருக்கு ஒரு தடம், பாடகருக்கு ஒரு தடம் என்று பிரித்துக்கொண்டால் கச்சேரி முடிந்த பிறகும் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

ஆனால் மேடையில் ஒலியைச் சுத்தமாகப் பிரித்துவிட முடியாது. டிரம் சத்தம் பாடகரின் ஒலிவாங்கிக்குள்ளும் நுழையும், அதுவும் தாமதமாக. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். நான்கு மீட்டர் கடக்க நூறில் ஒரு நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். ஒரே அடி இரண்டு தடங்களில் வெவ்வேறு நேரத்தில் பதிந்தால், சேர்த்துக் கேட்கும்போது மங்கலாகிவிடும். அதனால்தான் பாடகர் ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கிறார். பக்கத்தில் இருக்கும் ஒலி பலமாகப் பதியும்போது தூரத்து ஒலி தானாக அடங்கிவிடும்.

காற்று வழியாக வருவதை இப்படிச் சமாளிக்கலாம். தரை வழியாக வருவதை? டிரம்மை மிதிக்க மிதிக்க மேடைப் பலகை அதிரும். அந்த அதிர்வு ஒலிவாங்கியின் கம்பத்தில் ஏறிவிடும். இங்கேதான் நம் பால்மரம் வருகிறது!

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். விடியும் முன்பே உளியோடு கிளம்பி, மரம் மரமாகப் பால் வெட்டி, மங்கில் சேர்ந்ததை வாளியில் ஊற்றிய கதையைச் சொல்வார்கள். அந்தப் பாலில் இருக்கும் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். இதை 1839இல் கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர். அப்படிப் பதப்படுத்திய ரப்பர் அதிரும்போது, அதிர்வின் ஒரு பகுதி உள்ளேயே வெப்பமாக மாறிவிடும். மேடை ஒலிவாங்கிகள் பலவற்றில், அதிர்வை உணரும் பாகத்தை ரப்பர் வளையத்தில்தான் உட்கார வைக்கிறார்கள்.

பதிவுக் கருவிக்குள்ளும் ரப்பர் உண்டு. சுழலும் உலோகத் தண்டோடு நாடாவை அழுத்திப் பிடித்து ஓட வைப்பது ஒரு ரப்பர் உருளை. நாடா பெரும்பாலும் நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். உருளை இறுகிப்போய் வழுக்கினால் வேகம் தடுமாறும். பாட்டின் சுருதியும் தள்ளாடும். எல்லா உருளையும் மரத்துப் பாலில் செய்ததல்ல, செயற்கை ரப்பரும் உண்டு. ஆனாலும் கித்தார் வீரனைப் புகழ்கிறவர்கள் இந்தக் குட்டி உருளையை மறந்துவிடுவது எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று. நேரடிப் பதிவு என்று விற்கும் இசைத்தட்டுகள் பலவற்றில், பிசகிய இடங்களைப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுபடி வாசித்து ஒட்டியிருப்பார்கள். ‘மேட் இன் ஜப்பான்’ இசைத்தட்டில் டீப் பர்ப்பிள் அப்படி எதையும் ஒட்டவில்லை. என்னைக் கேட்டால், நேரடிப் பதிவு என்ற பெயருக்கு முழுத் தகுதி உள்ளது இதுதான்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டு, மேசையின் மறுமுனையை விரலால் தட்டுங்கள். பிறகு கைப்பேசியின் நான்கு மூலைகளுக்கும் அடியில் அழிப்பான் துண்டுகளை வைத்து, அதே இடத்தில் அதே மாதிரி தட்டுங்கள். இரண்டு பதிவுகளுக்கும் என்ன வேறுபாடு என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். உருமி மேளத்தைப் பதிவு செய்யப் போனால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். 100 டெசிபல் சத்தத்தைக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்பது காதுக்குக் கேடு.