25 சதவீதம்... எதில் 25?

துவாக்குடி டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டே நண்பர் அந்தக் குண்டைப் போட்டார்.

"அண்ணே, தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டு வச்ச எஃப்.டி.யை நாளைக்கு உடைக்கப் போறேன். பேங்க்ல ஏழு பர்சென்ட்தான் தர்றாங்க. நம்ம பெல் 25 பர்சென்ட் டிவிடெண்ட் குடுத்திருக்கு! ரெண்டு லட்சம் போட்டா வருஷத்துக்கு அம்பதாயிரம்!"

எனக்குப் புரை ஏறிவிட்டது.

நண்பருக்கு சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை. 1965-லிருந்து பாய்லர் செய்கிற திருச்சி பெல் தொழிற்சாலை பக்கத்திலேயே இருப்பதால், அந்தப் பங்கு அவருக்குத் தாய்மாமன் மாதிரி. நான் பி.காம். படித்ததற்கும் ஒரு பிரயோஜனம் வேண்டாமா? வடை வைத்துக் கொடுத்த பேப்பரில், எண்ணெய் படாத மூலையாகப் பார்த்துக் கணக்கை ஆரம்பித்தேன்.

2024-25-ம் ஆண்டுக்கு பெல் கொடுத்த டிவிடெண்ட் 25 சதவீதம். வாஸ்தவம்தான். ஆனால் எதில் 25? நீங்கள் கொடுத்து வாங்கிய விலையில் அல்ல சார், பங்கின் முக மதிப்பில்! பெல் பங்கின் முக மதிப்பு 2 ரூபாய். அதில் 25 சதவீதம் எவ்வளவு? 50 பைசா!

"அம்பது... பைசாவா?" நண்பரின் வடை பாதி வழியில் நின்றது.

கணக்கு சுலபமாக இருக்க, பங்கு விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். 2 லட்சத்துக்கு 800 பங்கு. தலைக்கு 50 பைசா வீதம் 400 ரூபாய்.

"நானூறா! கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்டாம்பு ஒட்டக்கூடக் காணாதேண்ணே!"

டிவிடெண்டைச் சந்தை விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் 'டிவிடெண்ட் யீல்டு'. இங்கே 0.2 சதவீதம். எஃப்.டி.யோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான், விளம்பரத்தில் வரும் 25-ஐ அல்ல.

'சரி, யீல்டு ஜாஸ்தியா இருக்கிற பங்கா வாங்கிடலாமே' என்று கிளம்பி விடாதீர்கள். 200 ரூபாய்ப் பங்கு 10 ரூபாய் கொடுத்தால் யீல்டு 5. அதே பங்கு 100-க்கு விழுந்தால் யீல்டு 10! கம்பெனி ஒரு பைசா கூட்டவில்லை, உங்கள் முதல்தான் பாதியாகிவிட்டது.

அதனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். லாபத்தில் எத்தனை பங்கு டிவிடெண்டாகப் போகிறது? இதற்கு 'பே-அவுட்' என்று பெயர். 2024-25-ல் பெல்லுக்குப் பங்கு ஒன்றுக்குக் கிடைத்த லாபம் சுமார் 1 ரூபாய் 53 பைசா. கொடுத்தது 50 பைசா, அதாவது மூன்றில் ஒரு பங்கு. வாங்குகிற சம்பளத்தில் மூன்றில் ஒன்றை வீட்டுக்குக் கொடுக்கிறவர் தொடர்ந்து கொடுப்பார். கடன் வாங்கி முழுச் சம்பளத்துக்கும் மேல் கொடுக்கிறவர் எத்தனை மாதம் தாங்குவார்?

லாபமே இல்லாவிட்டால்? 2011-12-ல் இதே பெல் பங்குக்கு 6 ரூபாய் 40 பைசா கொடுத்தது. நஷ்டம் வந்த 2019-20, 2020-21 இரண்டு வருடமும் ஒரு பைசா இல்லை. எஃப்.டி. வட்டி ஒப்பந்தம், டிவிடெண்ட் அப்படியில்லை. வந்தால் வரவு, வராவிட்டால் கேட்க முடியாது. வந்தாலும் அது உங்கள் வருமானக் கணக்கில் சேர்ந்து வரி உண்டு. டிவிடெண்டுக்காகவே முதல் நாள் வாங்கி மறுநாள் விற்கலாம் என்றால், டிவிடெண்ட் கழியும் அன்று விலையும் அநேகமாக அந்த அளவுக்கு இறங்கிவிடும்.

"அப்ப பெல் பங்கு வேணாங்கிறீங்களா?"

"விலை ஏறும்னு நம்பினா, கைக்காசுல வாங்குங்க. தங்கச்சி காசுல டிவிடெண்டுக்காக வாங்காதீங்க."

நண்பர் எழுந்து மொத்தக் கணக்கையும் அவரே கொடுத்தார். எனக்கு டிவிடெண்ட் ஒரு டீ, இரண்டு வடை. யீல்டு எவ்வளவு என்று கேட்காதீர்கள்... முதலீடு செய்த பேப்பர் டீக்கடைக்காரருடையது!