விடிந்ததும் கோழியின் கழுத்தடியைத் தொட்டுப் பாருங்கள்!

நான் திருவொற்றியூரில் வசிக்கும் இல்லத்தரசி. பத்தாவது வரை படித்தவள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம்தான். அதில் ஒரு முருங்கை மரம், துணி துவைக்கும் கல், நாலு நாட்டுக்கோழி. பிள்ளைகளுக்கு முட்டை ஆகிறதே என்று வளர்க்க ஆரம்பித்தது. என்னைப் போல் வீட்டில் ஒன்றிரண்டு கோழி வளர்க்கும் சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த தப்பை நீங்கள் செய்து விடக் கூடாது.

என் மகள் ஆறாவது படிக்கிறாள். கறுப்பி என்று பேர் வைத்து ஒரு பெட்டைக்கோழியைக் குஞ்சிலிருந்து அவள்தான் வளர்த்தாள். போன வருஷம் ஒருநாள் கறுப்பி இரை எடுக்காமல் மூலையில் உட்கார்ந்து விட்டது. தூக்கிப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே தண்ணீர் அடைத்த பலூன் மாதிரி தளதளவென்று இருந்தது. வாயைத் திறந்தால் புளித்த மாவு வாடை!

"தலைகீழா புடிச்சு அமுக்குனா கெட்ட தண்ணி எல்லாம் வந்துடும்" என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அமுக்கினேன். தண்ணீர் கொட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு தரம் அமுக்கினேன். அவ்வளவுதான்... இரண்டு தரம் திக்கியது, இறக்கையை அடித்துக் கொண்டது, என் கையிலேயே தலை தொங்கி விட்டது.

சாயங்காலம் வந்த மகளிடம், "வெயில் தாங்கலம்மா, செத்துப் போச்சு" என்று சொல்லி விட்டேன். அவள் அழுததைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அப்புறம் மூன்று மாதம் கழித்து செவலைக்கு அதே மாதிரி வந்தது. ஆனால் இந்தத் தடவை கழுத்தடியில் தண்ணீர் இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக ஒரு உருண்டை. என் மாமியார், "ஊர்ல பிளேடால கீறி எடுத்துட்டு, ஊசி நூலால தைச்சுடுவோம். கொண்டா, நான் செய்றேன்" என்றார். கணவரோ, "ஒரு கோழிக்கா இவ்ளோ பாடு? பேசாம கொழம்பு வெச்சிடு" என்றார். மகள் என் முகத்தையே பார்த்தாள். ஒயர்கூடையில் செவலையை வைத்து, மேலே துணியைக் கட்டி, பஸ் மாறி வேப்பேரிக்குப் போய் விட்டேன்.

1903ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. மாடு, நாய் மட்டுமல்ல, கோழியையும் அங்குள்ள மருத்துவமனையில் பார்க்கிறார்கள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்து விட்டு, பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தியதெல்லாம் முதலில் கழுத்தடியில், சற்று வலப்பக்கமாக இருக்கும் இரைப்பையில் போய்த் தங்கும். அங்கே ஊறி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். பொறுக்கித் தின்ற சின்னக் கற்கள்தான் உள்ளே இருக்கும் அரைவைப்பையில் அம்மி மாதிரி அரைத்துக் கொடுக்கும். சாயங்காலம் இரைப்பை நிறைந்து புடைத்திருந்தால் நல்லது. ராத்திரியில் அது காலியாகி விட வேண்டும். விடிந்ததும் இரை போடுவதற்கு முன் தொட்டுப் பார்த்து, அப்போதும் நிறைந்திருந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

கோளாறு இரண்டு வகை. கெட்டியாக இருந்தால் அடைப்பு: நீளமான புல், நார், நூல், பிளாஸ்டிக் சிக்கியிருக்கும். தளதளவென்று புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை வளர்ந்து நொதித்திருக்கும். இதற்கு டாக்டர் தரும் பூஞ்சை மருந்துதான் வேண்டும். நாமாக மனுஷர் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் அதிகமாகும்.

தலைகீழாகப் பிடிப்பது பற்றிக் கேட்டேன். "கோழிக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கும்மா. கவிழ்த்தா அந்தத் தண்ணி மூச்சுக்குழலுக்குள்ள போயிடும்" என்றார். எனக்கு நெஞ்சை அடைத்தது. கறுப்பியை நோய் கொல்லவில்லை.

செவலைக்கு அவர் சொன்ன வைத்தியம் இது. கோழியைத் தனியாக ஒரு கூடையில் வைத்து, ஒருநாள் இரையை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை, தலை மேலே இருக்கும்படி மடியில் வைத்துக் கொண்டு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது தானாக விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. பிறகு விரல் நுனியால் மாவு பிசைகிற மாதிரி மெதுவாக ஐந்து நிமிஷம் உருட்டி விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தரம். வாயில் நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. உள்ளே எங்கே சுற்றியிருக்கிறதோ! "ரெண்டு நாள்ல கரையலைன்னா கொண்டு வாங்க. இங்க மரக்க ஊசி போட்டுக் கீறி எடுக்கலாம். வீட்ல பிளேடை எடுக்காதீங்க" என்றார்.

அன்று ராத்திரி உருட்டி விட்டுக் கொண்டிருக்கும்போது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் கறுப்பி எப்படிச் செத்தது என்று சொன்னேன். ரொம்ப நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நகரும்மா, நான் கொஞ்ச நேரம் தேய்க்கிறேன்" என்று செவலையை வாங்கிக் கொண்டாள். விடியற்காலையில் பார்த்தால் என் மாமியார் மடியில் செவலை! பிளேடு கேட்டவரேதான் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் உருண்டை இளகியது. மூன்றாம் நாள் காலை இரைப்பை காலி! எச்சத்தில் புல்லும் நாரும் வந்திருந்தது. குழைந்த சோற்றில் கொஞ்சம் தயிரும் வேகவைத்த மஞ்சள் கருவும் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பழையபடி கொக்கரிக்க ஆரம்பித்து விட்டது.

இப்போது தினமும் காலையில் கொல்லையைப் பெருக்கிய பிறகுதான் கூடையைத் திறக்கிறேன். எங்கள் பக்கம் வலை பின்னுகிற வீடுகள் அதிகம். நைலான் துண்டு எங்கே பார்த்தாலும் கிடக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை இருந்தாலும், காற்றில் பறந்து வந்து விழத்தான் செய்கிறது. சிமென்ட் தரையில் கோழிக்குக் கல் கிடைக்காது என்பதால், ஒரு கொட்டாங்கச்சியில் பொடிக் கல் கலந்த மணல் வைக்கிறேன். கிளிஞ்சல் தூள் முட்டை ஓட்டுக்கு நல்லது. ஆனால் அது கரைந்து விடும், கல்லுக்கு ஈடாகாது.

இன்னொன்று. ஒரே சமயத்தில் பல கோழிகள் சோர்ந்து, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்தைத் திருகிக் கொண்டால் அது இரைப்பைக் கோளாறு அல்ல, கோழிக்கழிச்சல் நோய். அதற்கு எண்ணெய் உதவாது. முன்கூட்டியே தடுப்பூசி போடுவதுதான் வழி. டாக்டர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் மறக்காமல் கேட்டுக் கொள்ளுங்கள்.

செவலை இப்போது அடையில் உட்கார்ந்திருக்கிறது, ஒன்பது முட்டையோடு. வரப் போகும் குஞ்சுகளில் ஒன்று கறுப்பாக இருந்தால் என்ன பேர் என்று மகள் இப்போதே முடிவு செய்து விட்டாள்.

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.