மிருக வைத்தியர்களின் தொகையும் சம்பளமும்

கறவைப் பசு கன்று ஈன்ற இரண்டொரு தினங்களில் எழுந்திருக்கமாட்டாமல், தலையை விலாப்புறம் மடித்துப் படுத்துவிடுமாயின், அது பெரும்பாலும் பால் சுரமேயாகும். கால்சியம் மருந்தைத் தக்க அளவில் இரத்தக்குழாயில் ஏற்றினால் சில மணி நேரத்தில் பசு எழுந்து நிற்கும். ஏற்றாவிடில் அதே சில மணி நேரத்தில் மாண்டுபோகவுங் கூடும். மருந்தின் விலை சொற்பமே; அதை ஏற்றத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்பதே கேள்வி. ஆகையால் மிருக வைத்தியர்களின் தொகையும் சம்பளமும் அவர்களுடைய சொந்த விஷயமன்று. மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடியானவரும் அறிந்துகொள்ளவேண்டிய விஷயமாகும்.

எத்தனை பேர் வேண்டும்?

5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மிருக வைத்தியர் இருத்தல் வேண்டுமெனத் தேசிய விவசாயக் கமிஷன் 1976-ஆம் வருஷத்தில் சிபார்சு செய்தது. 2019-ஆம் வருஷக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவிலுள்ள மாடுகளும் எருமைகளும் 30 கோடிக்கு மேற்பட்டவை. இவற்றிற்கு மாத்திரமே சுமார் 60,000 வைத்தியர்கள் தேவை. தமிழ்நாட்டில் மாடும் எருமையும் ஏறக்குறைய 1 கோடி. வெள்ளாடும் செம்மறியும் சுமார் 1 கோடியே 43 லட்சம். பத்து ஆடுகளை ஒரு மாட்டிற்குச் சமமாகக் கொண்டால், நமது மாநிலத்திற்கு ஏறக்குறைய 2,300 வைத்தியர்கள் வேண்டுமென்பது தெரியவரும்.

ஆனால் பதவிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்தியடைதல் கூடாது. பதவி இருந்தும் ஆள் இல்லாத ஆஸ்பத்திரி பூட்டிய கிடங்கிற்கு ஒப்பாகும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019-இல் ஒரே விளம்பரத்தில் 1,141 உதவி மிருக வைத்தியர் பதவிகளுக்கு ஆள் கோரியது. நியமனங்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நடவாமல், காலியிடங்கள் சேர்ந்து பெருகுவதை இது காட்டும். மேலும், பணியிலிருக்கும் வைத்தியர் சிகிச்சை ஒன்றையே செய்வதில்லை. தடுப்பூசி, சினை ஊசி, இன்ஷியூரன்ஸ் அத்தாட்சி, பிரேதப் பரிசோதனை, இலாகாவின் இலவசத் திட்டங்கள் யாவும் அவர் தலையிலேயே விழுகின்றன.

சம்பளத்தின் நிலை

சென்னை வேப்பேரியிலுள்ள மிருக வைத்தியக் கலாசாலை 1903-இல் ஸ்தாபிக்கப்பட்டது. 1936 முதல் சர்வகலாசாலைப் பட்டத்திற்குரிய கல்வி அங்கே நடந்து வருகிறது. இன்று இப்பட்டத்திற்கு, பயிற்சிக் காலம் உட்பட, ஐந்தரை வருஷம் படிக்கவேண்டும். அவ்வாறிருந்தும் நெடுங்காலம் மனித வைத்தியரைவிடத் தாழ்ந்த சம்பளமே இவர்களுக்குக் கிடைத்தது. ஐந்தாவது மத்திய சம்பளக் கமிஷன் 1997-இல் ஆரம்பச் சம்பளத்தில் இவ்விரு சாராரையும் சமப்படுத்தச் சிபார்சு செய்தது. 2016 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த ஏழாவது கமிஷனின் விகிதப்படி, மத்திய சர்க்கார் வேலையில் சேரும் மிருக வைத்தியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ. 56,100 ஆயிற்று.

இது நல்ல முன்னேற்றமே. எனினும் இதன் பயன் நிரந்தர உத்தியோகஸ்தர்களுக்கே உரியது. ஒப்பந்த முறையில் நியமிக்கப்படுவோர் இந்த விகிதத்திற்குப் புறம்பானவர்கள். ஆகவே பட்டதாரிகளிற் பலர் நகரத்து நாய், பூனை வைத்தியத்தையும், கோழிப்பண்ணை, தீவனம், மருந்துக் கம்பெனிகளையும், பாங்கி உத்தியோகத்தையும் நாடுகின்றனர்.

இக்குறை ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவிலும் பட்டதாரிகள் செல்லப் பிராணிகளின் வைத்தியத்திற்கே அதிகமாகச் செல்கின்றனர். வைத்தியர் பற்றாத பகுதிகளில் பணிபுரிய இசைவோரின் கல்விக் கடனைச் சர்க்காரே செலுத்துவதற்கென அங்கே 2003-இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. ஆளை விரும்பினால் அவர் வருவதற்கேற்ற ஆதாயத்தையும் காட்டவேண்டுமென்பதே இதிலுள்ள படிப்பினை.

ஆள் இருந்தால் நடப்பது என்ன?

நம் முன்னோர்களின் தொழுவங்களைச் சூறையாடிய வெக்கை நோயை ஒழிக்க 1954-இல் தேசியத் திட்டம் தொடங்கிற்று. ஊர் ஊராகச் சென்று ஊசி போட ஆட்கள் இருந்தமையாலேயே அந்நோய் இந்தியாவில் 1995-க்குப் பின் காணப்படவில்லை; 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரிக்கும் அவ்வாறே முடிவு காண 2019-இல் தேசியத் திட்டம் ஆரம்பமாயிருக்கிறது. மருந்து மாத்திரம் வந்து, போடுவோர் வாராவிடில் பயனில்லை.

கிராமத்தார் செய்யத்தக்கவை

1. அவசர நோய்க்கு 1962 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைக்கலாம். லட்சம் கால்நடைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் தமிழ்நாட்டிற்கு 245 நடமாடும் வைத்திய வண்டிகள் 2024-இல் அளிக்கப்பட்டன.

2. தடுப்பூசி முகாம் தினத்தில் மாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல், காலையிலேயே ஓரிடத்தில் கட்டிவைக்கவேண்டும். வீடு வீடாக அலைவதில் வைத்தியரின் பொழுது வீணாகும்.

3. மாட்டை நிறுத்திக் கட்டும் குழாய்ச் சட்டம், தண்ணீர், விளக்கு, வைத்தியர் தங்க வசதியான வீடு ஆகியவற்றைப் பஞ்சாயத்தார் கவனிப்பது நலம். பெண் வைத்தியர்கள் பெருகிவரும் இக்காலத்தில் இது இன்றியமையாதது.

4. பதிவு பெறாதவர் மிருக வைத்தியம் செய்வதை 1984-ஆம் வருஷத்து இந்திய மிருக வைத்தியக் கவுன்சில் சட்டம் தடுக்கிறது. உதவியாளர்கள் ஊசி போடுதல், காயம் கட்டுதல் போன்ற சிறு காரியங்களைப் பதிவு பெற்ற வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம். அரைகுறையாகக் கற்றவர் போடும் ஊசியால் நோய் மறைந்து நின்று பின்னர் முற்றுவதும், பாலில் மருந்து கலப்பதும் உண்டு.

5. தங்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியர் பதவி எவ்வளவு காலமாகக் காலியாயிருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் வைத்தியர் வருகிறார் என்பவற்றைக் கிராம அதிகாரிகள் எழுதிவைத்துக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி மேலிடத்திற்கு அனுப்பலாம். வெறும் முறையீட்டைவிடத் தேதியும் எண்ணும் உள்ள தீர்மானமே கவனத்தைப் பெறும்.

நிலத்திற்கு எருவும், குடும்பத்திற்குப் பாலும், அவசரத்திற்குப் பணமும் தொழுவத்திலிருந்தே வருகின்றன. அதைக் காப்பவருக்குத் தக்க ஊதியமும் வசதியும் அளிப்பது தருமமன்று. முதலீடேயாகும் என்பதை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கவனிப்பார்களாக.